கணக்கில் வராத நோயாளிகள்

1981ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சிறியதோர் அறிக்கையை வெளியிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர் ஐவரை அரியதொரு நியுமோனியா பற்றியிருந்தது என்பதே அதன் சாரம். பின்னர் எயிட்ஸ் எனப் பெயர்பெற்ற நோயின் முதல் அறிவிப்பு இதுவே. அதே ஆண்டில் ஒரு பெண்ணிடத்தும் அந்நோய் காணப்பட்டது. ஆயினும், இது ஆண்களின் நோய் என்னும் எண்ணமே வேரூன்றிற்று. 1984இல் தொடங்கிய பெரிய தொடர் ஆய்வு ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கென அதையொத்த ஆய்வு 1993இலேதான் நிறுவப்பட்டது.

பெண்கள் விலக்கப்பட்டமைக்குப் பழையதோர் அச்சமும் காரணமாயிற்று. தலிடோமைட் என்னும் மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதனால், ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கக் குறையுடன் பிறந்தன. 1961இல் அம்மருந்து ஜேர்மனியில் விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. இத்துயரின் நினைவு மாறாதிருக்கையில், கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களிற் சேர்த்தலாகாது என 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவுறுத்தியது. உயிராபத்தான நோய்களுக்கு அதில் இடம் விடப்பட்டிருந்தும், நடைமுறையிற் கதவு பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. காக்கும் நோக்குடன் பிறந்த விதி, காக்கப்பட வேண்டியோரையே அறிவின் எல்லைக்குப் புறத்தே நிறுத்திவிட்டது.

இதன் விளைவு ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடவில்லை. எயிட்ஸ் நோயின் வரைவிலக்கணம், பெரும்பாலும் ஆண்களிடத்துக் கண்ட பிணிகளைக் கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அப்பட்டியலில் இல்லை. ஆகவே, எச்.ஐ.வி. தொற்றி அப்புற்றுநோயால் வாடிய பெண், ஏட்டின்படி எயிட்ஸ் நோயாளி ஆகமாட்டாள். அரசாங்க உதவிப்பணம் இவ்வரைவிலக்கணத்தையே பெரிதும் சார்ந்திருந்தமையால், அவளுக்கு அதுவும் எளிதிற் கிட்டவில்லை.

இவ்வநீதியை எதிர்த்தோருள் கத்ரீனா ஹஸ்லிப் குறிப்பிடத்தக்கவர். நியூயோர்க் மாநிலத்துப் பெட்போர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறைச்சாலையில் இருந்தபோதே, நோயுற்ற சக கைதிகளுக்கு உதவும் அமைப்பைத் தோற்றுவிக்க அவர் துணைநின்றார். விடுதலையான பின், 1990இல் வொஷிங்டனில் நிகழ்ந்த ஆர்ப்பாட்டத்திற் பங்குகொண்டு, தம் போன்ற பெண்களுக்காகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டில் நியாயமன்றிலும் வழக்குத் தொடரப்பட்டது. ஈற்றில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், நுரையீரற் கயரோகம் முதலியவற்றைச் சேர்த்த புதிய வரைவிலக்கணம் 1993 சனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்நாளைக் காணக் கத்ரீனா இல்லை. 1992 திசெம்பரில் அவர் உயிர்நீத்தார்.

1993இல் 1977ஆம் ஆண்டின் அறிவுறுத்தலும் கைவிடப்பட்டது. அரசாங்கப் பணத்தால் நடைபெறும் சோதனைகளிற் பெண்களைச் சேர்த்தல் வேண்டுமெனச் சட்டமும் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, சிடோவுடின் என்னும் மருந்து தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுதலை நூற்றுக்கு 25.5இலிருந்து 8.3ஆகக் குறைத்தது எனக் காட்டிற்று. அது பெரும் பேறே. எனினும், அங்குப் பெண் முதன்மையாகத் தாய் என்ற முறையிலேயே ஆராயப்பட்டாள்.

சட்டம் மாறியும் வழக்கம் விரைவில் மாறவில்லை. உலகில் இத்தொற்றுடன் வாழ்வோருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருக்க, மருந்துச் சோதனைகளில் அவர்களின் இடைநிலைப் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 19 மாத்திரமே என 2016இல் வெளிவந்த மீளாய்வொன்று கண்டது. 2019இல் டெஸ்கோவி என்னும் மாத்திரை தொற்றுத் தடுப்புக்கு அங்கீகாரம் பெற்றபோது, பெண்ணாகப் பிறந்தோரிடத்து அது சோதிக்கப்படாமையால், யோனிவழித் தொற்றுக்கு ஆளாகக்கூடியோருக்கு அவ்வங்கீகாரம் அளிக்கப்படவில்லை.

ஐந்தாண்டுகளின் பின் நிகழ்ந்தது வேறு. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 5,300க்கு மேற்பட்ட இளம் பெண்களைக் கொண்டு நடைபெற்ற சோதனையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. ஆண்டுக்கு இருமுறை லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. சோதனையின்போது கருவுற்றோரும், தாம் விரும்பின், அதிலே தொடர இடமளிக்கப்பட்டனர். 1977இல் எந்த அச்சம் பெண்களை வெளியே நிறுத்தியதோ, அதே அச்சத்துக்கு இங்கு ஆராய்ச்சியாலேயே விடை தேடப்பட்டது. அவ்விடை கிட்டுவதற்கு முன் கணக்கில் வராமலே மடிந்த பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் இனிக் கூற இயலாது.