தண்ணீர்ப் பந்தலும் ஊர்க்கிணறும்: மாணவர் வீடியோக்கள் பொதுச்சொத்தான கதை

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடுமா?

யூட்யூபில் ஒரு பாட வீடியோவைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஆனால் அதை எடுத்து, வெட்டி, திருத்தி, வேறு மொழியில் பேசி மறுபடியும் போட முடியுமா? செய்தவர் அனுமதி தராத வரை முடியாது. கோடையில் தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடிப்பது ஒன்று. ஊர்க்கிணற்றில் இறைத்துக்கொள்ளும் உரிமை வேறொன்று. பந்தலை வைத்தவர் நாளைக்கே பிரித்துவிடலாம். கிணறு அப்படியல்ல!

மாணவர்கள் செய்து இணையத்தில் போடும் வீடியோக்கள் இதில் எந்த வகை? அதற்கு முதலில் கொஞ்சம் பொருளாதாரம்.

ஹார்டினும் ஆஸ்ட்ரமும்

1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால் கடைசியில் புல்லே மிஞ்சாது, எனவே பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்பது அவர் வாதம். ரொம்ப நாள் இதுதான் வேதவாக்கு.

எலினார் ஆஸ்ட்ரம் இதை மறுத்தார். சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் கிராமக் காடுகள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் எல்லாம் பல நூறு ஆண்டுகளாக அழியாமல் இருப்பதை 1990-ல் வந்த தன் நூலில் காட்டினார். காரணம்? அங்கே விதிகள் உண்டு. அந்த விதிகளைப் போடுவதும் கண்காணிப்பதும் பயன்படுத்தும் மக்களே. 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் இவர்தான்.

டிஜிட்டல் உலகில் புல் தீராது. ஒரு கோப்பை லட்சம் பேர் பிரதி எடுத்தாலும் அது குறையாது. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: பராமரிக்க ஆள் இல்லாமல் போவது, இடத்துக்குச் சொந்தக்காரர் கதவைச் சாத்துவது. ஆறு நொடி வீடியோக்களுக்குப் பெயர்போன வைன் 2013-ல் தொடங்கி, 2017 ஜனவரியில் மூடப்பட்டது. இளைஞர்கள் கூடிக் கும்மாளமிட்ட இடம், ஒரு கம்பெனியின் முடிவால் காலி!

ஒரு மாணவர் எழுதிய நிரல்

2015-ல் கிராண்ட் சாண்டர்சன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். கணிதத்தைப் படமாக அசையவைத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. அதற்காக பைத்தான் மொழியில் தானே ஒரு நிரல் எழுதினார். அந்த ஆண்டு மார்ச்சில் '3ப்ளூ1ப்ரவுன்' என்ற சானலில் முதல் வீடியோ வந்தது. (அவர் வலது கண்ணில் முக்கால் பங்கு நீலம், கால் பங்கு பழுப்பு. பெயர் வந்த கதை அதுதான்!) 2016-ல் வெளியான நேரியல் இயற்கணிதத் தொடர் உலகம் முழுக்க மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதுவரை இது தண்ணீர்ப் பந்தல்தான். மோர் அருமை; ஆனால் பந்தல் அவருடையது.

கிணறு வேறு இடத்தில் இருந்தது. 'மேனிம்' என்ற அந்த நிரலை அவர் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். அதற்கு எம்.ஐ.டி. உரிமம். அதாவது, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். மூல உரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது.

கிளை பிரிந்தது

ஆனால் ஒரு சிக்கல். மேனிம் ஒருவர் தன் தேவைக்காக எழுதியது. அவர் அடுத்த வீடியோவுக்காக எதையாவது மாற்றினால், மற்றவர்களின் பழைய நிரல் வேலை செய்யாமல் போகலாம். விளக்கக் குறிப்புகளும் குறைவு. அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் வேலை வீடியோ செய்வது; ஊருக்கெல்லாம் மெக்கானிக்காக இருப்பது அல்ல.

2020-ல் பயன்படுத்துவோரே இதற்கு வழி கண்டார்கள். சிலர் சேர்ந்து நிரலைப் பிரதி எடுத்து 'மேனிம் கம்யூனிட்டி' என்று தனிக் கிளையாக வளர்த்தார்கள். சோதனைகள் சேர்த்தார்கள், குறிப்புகள் எழுதினார்கள், புதியவர்கள் சுலபமாகத் தொடங்க வழி செய்தார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை. இன்றும் இரண்டு கிளைகளும் இருக்கின்றன. ஆஸ்ட்ரம் சொன்னது இதுதானே! தண்ணீர் எடுப்பவர்களே தூர் வாருகிறார்கள்.

2021-ல் சாண்டர்சனும் ஜேம்ஸ் ஷ்லாஸும் கணித விளக்கத்துக்கு ஒரு கோடைப் போட்டி நடத்தினார்கள். 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்து குவிந்தன. மேனிமில் செய்தவை அவற்றில் ஏராளம். இத்தனையையும் இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்க முடியுமா? பங்கேற்றவர்களே ஒருவர் படைப்பை மற்றவர் இரண்டிரண்டாக ஒப்பிட்டு மதிப்பிட்டார்கள். அதன் பிறகு 5 வெற்றியாளர்கள் தேர்வானார்கள். பரிசு கிடைக்காதவருக்கும் தன் முதல் வீடியோவைப் பார்க்க நாலு பேர் கிடைத்தார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே பெரிய விஷயம்.

வேலி எங்கே?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாண்டர்சன் எல்லாவற்றையும் பொதுவில் விடவில்லை. கருவிக்குத்தான் தாராள உரிமம். தன் வீடியோக்களின் காட்சிகளுக்காக எழுதிய நிரல் அந்த வீடியோக்களுக்கு மட்டுமே என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். இது கஞ்சத்தனமா? இல்லை. எது பொது, எது சொந்தம் என்று எல்லை தெளிவாக இருப்பது பொதுச்சொத்து நிலைக்க முதல் தேவை. ஆஸ்ட்ரமின் விதிகளில் முதலாவதும் அதுவே.

வீடியோக்கள் இன்னும் யூட்யூப் என்ற தனியார் நிலத்தில்தான் நிற்கின்றன. அந்த நிலம் நாளைக்குக் கைவிட்டால் பந்தல்கள் போகும். ஆனால் மேனிமின் பிரதிகள் எத்தனையோ மாணவர்களின் கணினியில் இருக்கின்றன. அதை யாரும் சாத்திப் பூட்ட முடியாது.

யூட்யூபிலும் 2011 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. நாமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் வழக்கமான உரிமம்தான். கல்லூரி விழாவுக்கோ செமினாருக்கோ வீடியோ செய்து போடும் நண்பர்களே, அடுத்த முறை 'அப்லோட்' பொத்தானை அழுத்தும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: வைப்பது பந்தலா, வெட்டுவது கிணறா?