வாதவூரரும் புடாபெஸ்டும்

மதுரையை அடுத்த திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஓதுவார்கள் மரபாக மோகனத்தில்தான் பாடி வருகின்றனர். பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா அதிலிருந்து ஆறு பகுதிகளை எடுத்து, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு 2005இல் இசைத்தொகுப்பாக்கினார். (பெயரில் 'சிம்பொனி' இருப்பினும், குரலும் சேர்ந்திசையும் வாத்தியங்களும் கூடிய இவ்வடிவம் ஒரேட்டோரியோவே.)

மரபு கெட்டது என்பாருடன் நாம் உடன்படவில்லை. ஒரே ராகம் ஓதுதலுக்கு ஒருமை தருகிறது. அச்சம், நாணம், கெஞ்சல், களிப்பு என மாறிக்கொண்டேயிருக்கும் வாதவூரரின் மனத்தையோ ஒரே சாயத்தில் தோய்த்துவிடுகிறது. இங்கே சிவபுராண வரிகளில் தன் இழிவைச் சொல்லும் தனிக்குரலை எதிர்கொண்டு சேர்ந்திசை எழும்போது, அக்குரலின் தனிமை நமக்குப் புதிதாய்க் கேட்கிறது. ஸ்டீபன் ஸ்வார்ட்ஸின் ஆங்கில வரிகளே நெருடல். 1900இல் போப் தந்த மொழிபெயர்ப்பில் உள்ள நெகிழ்ச்சி இவற்றில் இல்லை.