ஓரெழுத்துப் பிழை

பல்லாண்டுகள் கட்டுரை ஏடுகளைத் திருத்தியவன் நான். கறுப்பு என்பதைக் கருப்பு என்று ஒருவன் எழுதினால் பொருள் கெடுவதில்லை. வழி என்பதை வலி என்று எழுதினாலோ வாக்கியமே வேறாகிவிடும். மாறியது ஓரெழுத்தே எனினும் விளைவு ஒன்றன்று. நம் உடலிலும் இத்தகைய பிழைகள் உண்டு. அவற்றை எடைபோட மனிதன் கணிப்பொறியை நாடிய வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் எழுத்துக்களைப்போல் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலியாகும். குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிட்டால், அரிவாள் அணுச் சோகை என்னும் நோய்க்கு அதுவே வித்தாகும். இருபெற்றோரிடமிருந்தும் இப்பிழையைப் பெற்ற குழந்தையின் செங்குருதி அணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. குழந்தை வலியால் துடிக்கிறது. நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்கூறு காணப்படுவதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952-இல் அறிவித்தனர். நோய்க்குக் காரணம் ஓர் அமில மாற்றமே என்பதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் 1957-இல் நிறுவினார்.

ஒரு பிழை புலப்பட்டது. ஏனையவற்றை அறிவது எங்ஙனம்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பணியாற்றிய மார்கரெட் டேஹாஃப் அம்மையார், 1965-இல் தம் தோழர்களுடன் 65 புரதங்களின் வரிசைகளை ஒரே நூலாகத் தொகுத்தார். கணிப்பொறிக்கு எளிதாகும்படி ஒவ்வோர் அமிலத்திற்கும் ஓரெழுத்துக் குறியும் வகுத்தார். பின்னர் 1978-இல், 71 புரதத் தொகுதிகளில் இயற்கை ஏற்றுக்கொண்ட 1572 மாற்றங்களை எண்ணி, எந்த அமிலம் எதற்கு எளிதில் ஈடாகிறது என்பதை அட்டவணையாக்கினார். கறுப்பையும் கருப்பையும் ஒருபுறமும், வழியையும் வலியையும் மறுபுறமும் வைத்த முயற்சி அது.

2023-இல் லண்டனைச் சார்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தாரின் ஆல்ஃபாமிசென்ஸ் என்னும் கருவி, மனிதப் புரதங்களில் நிகழக்கூடிய 7.1 கோடி ஓரமில மாற்றங்களை ஆராய்ந்தது. நூற்றுக்கு 89-ஐத் தீங்குடையதாகலாம், தீங்கற்றதாகலாம் என இருவகையாகப் பிரித்தது. எஞ்சியவற்றை ஐயத்திற்குரியவை என ஒதுக்கியது. இவையும் கணிப்புகளே, ஆய்வுக்கூடமும் மருத்துவரும் சரிபார்த்தல் வேண்டும்.

ஏனெனில், ஹீமோகுளோபினின் அதே பிழையை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்க்கு, அது கடும் மலேரியாவினின்று காப்பளிக்கிறது! வாக்கியம் முழுவதையும் படிக்குமுன் சிவப்பு மையைத் தொடலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம். நாளை இக்கருவிகளைக் கையாளப்போகும் நீங்களும் அதை மறவாதிருங்கள்.