ஆடு, வாத்து, சேவல், அப்புறம் எங்க வீட்டு டப்பு

ஆபீஸ்ல ஆன்சைட் போகச் சொல்லிட்டாங்க. அமெரிக்கா, குறைஞ்சது ரெண்டு வருஷம். எல்லாரும் விசா பத்திக் கேக்குறாங்க. எனக்கு முதல் கவலை டப்புதான். டப்பு ஒரு பக் நாய். 2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடியே போகுமே, அதே சப்பை மூக்கு ஜாதி. கூடவே கூட்டிட்டுப் போயிடலாம்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடிப் படிச்சதுல ஒரு வரலாறே கிடைச்சுது.

1783 செப்டம்பர் 19, பிரான்சின் வெர்சாய் அரண்மனை. மோன்கோல்ஃபியே சகோதரர்கள் தங்களோட வெப்பக்காற்று பலூன்ல ஒரு செம்மறி ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூணையும் கூண்டுல வச்சு மன்னர் பதினாறாம் லூயி முன்னாடி மேலே அனுப்பினாங்க. சுமார் எட்டு நிமிஷம், மூணு கிலோமீட்டர் சொச்சம். மூணும் உயிரோட இறங்குச்சு. அதுக்கப்புறம்தான் மனுஷன் தைரியமா ஏறினான். ரிஸ்க் எடுக்க மட்டும் மிருகம் முதல்ல!

அடுத்தது ஒரு பூனை. 1910 அக்டோபர்ல வால்டர் வெல்மேன் 'அமெரிக்கா'ங்கிற ஆகாயக் கப்பல்ல அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பினார். உள்ளே இருந்த பூனை பயத்துல கத்தித் தீர்க்க, 'வந்து இந்தப் பூனையைத் தூக்கிட்டுப் போங்க'ன்னு ரேடியோவில் செய்தி போச்சு. பையில கட்டி இறக்கப் பாத்தாங்க, கடல் கொந்தளிப்புல முடியலை. அப்புறம் பூனை பழகிடுச்சு, எஞ்சின்தான் மக்கர் பண்ணுச்சு :-) கடைசியில ட்ரெண்ட்ங்கிற கப்பல் எல்லாரையும் காப்பாத்துச்சு, பூனை உட்பட.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவுல 1966-லேயே விலங்கு நலச் சட்டம் வந்தாலும், விமான நிறுவனங்கள் அதுக்குள்ள வந்தது 1976 திருத்தத்துலதான். கூண்டு, தண்ணி, வெப்பநிலை எல்லாத்துக்கும் விதி இருக்கு. உதாரணமா, நாயை விமானத்துக்குக் கொண்டுபோகும்போது சுமார் 29.5 டிகிரிக்கு மேல இருக்கிற சூட்டுல 45 நிமிஷத்தைத் தாண்டி வைக்கக் கூடாது. சரக்கு அறையில காத்தே இருக்காதுன்னு நினைச்சிருந்தேன். தப்பு. நாய்களை ஏத்துற அறையில காற்றழுத்தம் பயணிகள் பகுதி மாதிரியேதான். பெரிய ஆபத்து, கிளம்புறதுக்கு முன்னாடி தரையில காத்திருக்கும்போது அடிக்கிற சூடு.

2005-லிருந்து, பயணத்துல செத்த, அடிபட்ட, காணாமப்போன பிராணிகளோட கணக்கை விமான நிறுவனங்கள் கொடுத்தே ஆகணும்னு ஆச்சு. நம்ம தொழில்ல சொல்ற மாதிரி, லாக் எழுதினாத்தானே பக் எங்கேன்னு தெரியும்? 2010-ல வெளியான அஞ்சு வருஷக் கணக்குல 122 நாய் மரணங்கள். இனம் தெரிஞ்சதுல கிட்டத்தட்ட பாதி சப்பை மூக்கு நாய்கள். முதல் இடம் இங்கிலீஷ் புல்டாக், 25. இரண்டாவது இடம்... பக், 11.

காரணம் எளிசு. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைச்சுத்தான் உடம்பைக் குளிர வைக்கும். இதுங்களுக்கு மூக்குத் துவாரம் சின்னது, உள்ளண்ணம் நீளம், காத்து சரியாப் போகாது. பயமும் வெயிலும் சேர்ந்தா போச்சு. தூக்க மாத்திரை கொடுத்துட்டா என்னன்னு கேட்டான் நண்பன். கால்நடை மருத்துவர்கள் பொதுவா வேண்டாம்ங்கிறாங்க. மயக்கத்துல மூச்சு இன்னும் மோசமாகும்.

கேபின்ல கூடவே கொண்டுபோனா? 2018 மார்ச்ல ஹூஸ்டன்-நியூயார்க் விமானத்துல தலைக்கு மேல இருக்கிற பெட்டியில வச்ச ஒரு பிரெஞ்சு புல்டாக் குட்டி, இறங்கும்போது செத்துக் கிடந்துச்சு. அதே அக்டோபர்ல, அங்கே உயிருள்ள பிராணியை வைக்கவே கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் இப்படி ஏதாவது ஒரு சாவு இருக்குமோன்னு தோணுது.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். "நீ போயிட்டு வாடா, அவன் இங்கயே இருக்கட்டும்"னுட்டார். அவர்தான் தினமும் டப்புவை வாக்கிங் கூட்டிட்டுப் போறவர்.

அடுத்த மாசம் தனியாத்தான் கிளம்பறேன். இதை எழுதும்போது டப்பு என் காலடியில குறட்டை விட்டுத் தூங்கறான். முன்னெல்லாம் அந்தக் குறட்டையைக் கேட்டு சிரிப்பேன். இப்ப அது அவன் மூச்சு விடப் படுற பாடுன்னு தெரியுது.