பெங்களூரின் கற்களும் ஏரிகளும்

ஓர் ஊரின் சரித்திரம் என்றவுடன் அரசர்களின் வரிசையும் போர்களின் ஆண்டுகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் அங்கே வாழ்ந்த குடிகள், அவர்கள் வெட்டிய ஏரி, உழுத நிலம், வழிபட்ட கோயில், பேசிய மொழி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஊராகும். இவற்றை ஆராய்வது முற்காலத்தில் புலமை மிக்க சிலருக்கே கைகூடியது. நூல்கள் பெரிய நூலகங்களில் இருந்தன. நிலப்படங்கள் அரசாங்க அலுவலகங்களில் இருந்தன. இன்று அவற்றுள் பல இணையத்தின் வழியே வீடு தேடி வந்துள்ளன. இவ்வசதியைக் கொண்டு ஊரார் தம் ஊரைத் தாமே ஆராய இயலுமா என்ற கேள்விக்குப் பெங்களூர் நகரம் நல்ல விடை தருகின்றது. அதனை இங்கே காண்போம்.

பெங்களூரின் பெயரைப் பற்றி வழங்கும் கதை பலரும் அறிந்ததே. வீரவல்லாளன் என்னும் ஹொய்சள மன்னன் வேட்டைக்குச் சென்று வழி தவறிப் பசியால் வாடினான். மூதாட்டி ஒருத்தி அவனுக்கு வெந்த பயற்றை அளித்தாள். அதனால் அவ்விடம் ‘வெந்த பயற்றின் ஊர்’ எனப் பொருள்படும் கன்னடப் பெயரைப் பெற்று, நாளடைவில் பெங்களூரு ஆயிற்று என்பர். கதை சுவையானது. ஆனால் நகரின் தென்பால் உள்ள பேகூரில், நாகேசுவரர் கோயிலில் நிற்கும் பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று ‘பெங்களூருப் போர்’ ஒன்றில் மடிந்த வீரனைக் குறிப்பிடுகின்றது. அக்கல்வெட்டின் காலம் ஏறக்குறைய கி.பி. 890 ஆகும். இரண்டாம் வீரவல்லாளன் அரியணை ஏறியதோ 1173-ஆம் ஆண்டில். மன்னன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே ஊரும் இருந்தது, ஊரின் பெயரும் இருந்தது என்பது இதனால் தெளிவாகின்றது. கெம்பே கவுடர் 1537-இல் கோட்டை எழுப்பியதிலிருந்தே பெங்களூரின் வரலாறு தொடங்குகின்றது என்று எண்ணுவோரும் இக்கல்லைப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய சாசனங்களைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்பவர். 1837-இல் பெங்களூரிலேயே பிறந்த இவர், மைசூர் அரசாங்கத்தில் கல்வித்துறையிலும் பின்னர்த் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையிலும் பணிபுரிந்தார். 1886 முதல் 1905 வரை ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்ற பெயரில் பன்னிரண்டு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் அடங்கிய சாசனங்கள் ஏறக்குறைய 9,000. பெங்களூர் மாவட்டத்துச் சாசனங்கள் 1905-இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதியில் உள்ளன. எந்தக் கிராமத்தில், எந்தக் கோயிலின் எப்பக்கத்தில், யாருடைய வயலில் கல் நிற்கின்றது என்ற குறிப்பும் அதில் உண்டு. அந்த வயல்கள் இன்று தெருக்களாகிவிட்டன. கிராமங்கள் நகரத்துள் கரைந்துவிட்டன.

ரைஸின் தொகுதிகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்ட பின்னர், நகரவாசிகள் சிலருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நூலில் கண்ட ஒவ்வொரு கல்லும் இன்று எங்கே உள்ளது? பி. எல். உதயகுமார் என்னும் பொறியியலாளரும் அவருடைய நண்பர்களும் 2017-ஆம் ஆண்டு முதல் இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடலாயினர். கண்டெடுத்த கற்களை இணைய நிலப்படத்தில் குறித்தனர். சமூக வலைத்தளத்தின் வாயிலாகப் பிறருடைய உதவியை நாடினர். எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் “எங்கள் தெருவில் எழுத்துள்ள கல் ஒன்று உள்ளது” என்று தெரிவிப்பார். உடனே சிலர் அங்கே செல்வர். தேடிய கற்களிற் பல மறைந்து போயிருந்தன. சில சாலையின் அடியிலும் கட்டடங்களின் அடியிலும் புதையுண்டன. ஆயினும் ரைஸின் நூலில் இடம்பெறாத கற்களும் வெளிப்பட்டன.

அவற்றுள் தலைசிறந்தது ஹெப்பாளத்தில் 2018-இல் கிடைத்த வீரக்கல். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்ததாகிய இது ஏறக்குறைய கி.பி. 750-ஐச் சேர்ந்தது. இராஷ்டிரகூடர் படையெழுச்சியின்போது உயிர் துறந்த கிட்டய்யன் என்னும் வீரனின் நினைவாக இது நடப்பட்டது. ஹெப்பாளம் அக்காலத்தில் வழங்கிய பழம்பெயரும் இதில் காணப்படுகின்றது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நின்ற கல்லுக்குப் பொதுமக்களின் முயற்சியால் ஒரு மண்டபம் எழுந்தது. வீரனை மறவாதிருக்கக் கல் நட்டவர்கள் அவனுடைய ஊரார். அக்கல்லை மீட்டவர்களும் ஊராரே.

இப்பணி பின்னர் நிறுவனத்தின் துணையையும் பெற்றது. பெங்களூரில் 1909-இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்னும் ஆராய்ச்சிக் கழகம், 2021 முதல் சாசனக் கற்களை முப்பரிமாணமாகப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது. கல்லின்மீது ஒளியைப் பாய்ச்சி, அதன் மேடுபள்ளங்களை நுட்பமாக அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு கணிப்பொறியில் கல்லின் உருவத்தை மீண்டும் அமைக்கின்றனர். வெயிலிலும் மழையிலும் தேய்ந்த எழுத்துக்கள் கண்ணுக்குப் புலப்படா. கணிப்பொறியில் அமைந்த உருவத்தின்மீது வேண்டிய திசையிலிருந்து வெளிச்சம் விழச் செய்தால், மங்கிய எழுத்தின் பள்ளத்தில் நிழல் படிந்து எழுத்துத் தெரிகின்றது. இங்ஙனம் பெற்ற உருவங்கள் எவரும் காணுமாறு இணையத்தில் வைக்கப்படுகின்றன. கல் உடைந்து போயினும் அதன் வாசகம் அழியாது என்பது இதனால் விளையும் பெரும்பயன்.

தமிழ் மக்களாகிய நமக்கு இவ்வாராய்ச்சியில் தனிப்பட்ட ஆர்வம் ஏற்படக் காரணம் உண்டு. பெங்களூரின் சாசனங்களில் தமிழிலும் பல உள்ளன. தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்ச் சாசனங்கள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. பட்டணம் என்ற சொல் அங்கே வணிகர் வாழ்ந்ததைக் காட்டுவது. அழகியார் என்பவர் 1270-இல் அக்கோயிலுக்கு வாயில் நிலைக்கால்கள் இரண்டினை அளித்தார் என ஒரு சாசனம் கூறுகின்றது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து சொக்கப்பெருமாளுக்கு நிலம் விட்ட செய்தியை மற்றொன்று தெரிவிக்கின்றது. இவர்கள் பேரரசர்கள் அல்லர். நம்மைப் போன்ற குடிமக்கள்.

இங்கே தமிழ் எவ்வாறு வந்தது? முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1004-இல், சோழர் படை கங்கநாட்டைக் கைக்கொண்டது. நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்த அவ்வாட்சியை 1116-ஆம் ஆண்டளவில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் நீக்கினான். ஆட்சி நீங்கியும் தமிழ் நீங்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்ரீரங்கத்தை அடுத்த கண்ணனூரிலும் பின்னர்க் குந்தாணியிலும் இருந்து ஆண்ட ஹொய்சள இராமநாதன் தமிழிலேயே சாசனங்கள் பொறித்தான். கன்னட அரசகுலத்தவனின் ஆணை தமிழில் நிற்கின்றது. சில மைல்களுக்கு அப்பால் கிட்டய்யனின் புகழ் கன்னடத்தில் நிற்கின்றது. கல்லின் மொழியைக் கண்டு, ‘இது எம்முடைய ஊர், உம்முடையதன்று’ என வழக்காடுவோர்க்கு இக்கற்கள் இடந்தருவதில்லை. இரு மொழியாரும் அடுத்தடுத்து வாழ்ந்த பூமி இது என்பதே அவற்றின் சாட்சியம்.

சாசனங்கள் மக்களை மட்டுமன்றி நிலத்தையும் நீரையும் பற்றிப் பேசுகின்றன. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. இன்றைய பேகூராகிய வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைத் தானமளித்ததை அது கூறுகின்றது. அதே கோயிலின் 1365-ஆம் ஆண்டுச் சாசனம் தாமரைக்கரை என்ற இடத்தைக் குறிப்பிடுகின்றது. அதுவே இன்றைய தாவரெகெரெ. ‘ஏரியின் கீழ்’ என்ற சிறு தொடரில் ஓர் ஊரின் வாழ்க்கை முழுவதும் அடங்கியுள்ளது. ஏரி இருந்தால் நிலத்திற்கு விலை உண்டு. நிலம் இருந்தால் கோயிலில் விளக்கு எரியும்.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலத்தில் அமைந்த நகரம். அருகில் பேராறு இல்லை. ஆதலின் முன்னோர் பள்ளத்தாக்குகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தனர். மேல் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் வாய்க்கால் வழியே கீழ் ஏரியை அடையும். 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974 முதல் காவிரியிலிருந்தும் குழாய் நீர் வந்தது. குடத்திற்கு ஏரி வேண்டாமற் போகவே, ஊராரின் கண்ணும் ஏரியை விட்டு அகன்றது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் உள்ளது; சம்பங்கி ஏரியில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது. பழைய நிலப்படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்க்கு இம்மாறுதல்கள் நொடிப்பொழுதில் விளங்கும். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் தொடங்கிய ‘புவன்’ என்னும் இணையத்தளம் இதற்கு உதவும். தம் வீடு பழைய ஏரியின் உள்ளே நிற்கின்றதா, வாய்க்காலின்மீது நிற்கின்றதா என்பதையும் ஒருவர் ஆராய்ந்து அறியலாம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பது புலனாயிற்று.

இது பெங்களூரோடு முடியும் செய்தியும் அன்று. நகரின் கிழக்குப் புறத்து நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகின்றது. மேற்குப் புறத்து விருஷபாவதி, அர்க்காவதியின் வழியே காவிரியைச் சேர்கின்றது. மேலே உள்ளவர் ஏரியைக் கெடுத்தால் கீழே உள்ள தமிழ்நாட்டு உழவரின் வயல் கெடும். மேலுள்ளோர் செயல் கீழுள்ளோரைச் சாரும் என்பது ஏரிக்கு மட்டுமன்று, ஆற்றிற்கும் பொருந்தும்.

இவ்வாராய்ச்சியில் ஈடுபட விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். இணையம் வழிகாட்டுமே தவிர, வழி நடந்து தராது. நூலில் கண்டதை நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். ஊர்ப்பெயர்கள் மாறியிருக்கும், ஆதலின் அவ்விடத்து முதியோரைக் கேட்டறிதல் வேண்டும். ஒரு கதையைக் கேட்டால் அதனைக் கல்லோடு ஒப்பிடுதல் வேண்டும். கல்லைக் கண்டவர் அதனைப் பெயர்த்தலும் சுரண்டுதலும் வர்ணம் பூசுதலும் கூடா. படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருள் துறையினருக்கும் அறிந்தோருக்கும் தெரிவித்தலே முறை. ஊரார் தெய்வமாக வணங்கும் கல்லாயின், அவர்களுடைய இசைவைப் பெற்றே அணுகுதல் வேண்டும்.

ஒவ்வொரு ஊரிலும் இத்தகைய கல் ஒன்று, ஏரி ஒன்று, பழம்பெயர் ஒன்று இருக்கக்கூடும். சாலையை அகலமாக்கும் ஒரு நாளில் அக்கல் உடைந்து போகலாம். வீட்டுமனை போடும் ஒரு மாதத்தில் அந்த வாய்க்கால் தூர்ந்து போகலாம். அவ்விடத்தின் பெருமையை அறிந்த பத்துப்பேர் அத்தெருவில் இருப்பின் அவை தப்பும். அந்தப் பத்துப்பேருள் ஒருவராக விளங்குவதற்கு வேண்டிய கருவிகள் இன்று நம் கைக்கு எட்டியுள்ளன.