கல்லுக்குள் இருந்த காற்று

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரோடு நின்றுபோனது. அதைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசினால் வேலை வரும், கூரைகளில் படிந்த தூசி வரும், கல் அகழ்ந்த பெரும் குழிகள் வரும். புகைபோக்கியால் போன நிறமற்ற வாயு ஒருநாளும் வந்ததில்லை. நோர்வேக்கு வந்து பல வருடங்களாகியும் நானும் அதை யோசித்ததில்லை.

யோசித்தபோதும் பிழையாகத்தான் யோசித்தேன். சூளையில் எரியும் எரிபொருளை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் சீமெந்து ஆலையின் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் வருவது நெருப்பிலிருந்து அல்ல, சுண்ணாம்புக் கல்லிலிருந்து. தூய கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது புதிய செய்தியும் அல்ல. ஸ்கொட்லாந்தில் ஜோசப் பிளாக், சிறுநீர்க்கல்லுக்கு மருந்து தேடப் போய், சுட்ட கல்லின் எடை ஏன் குறைகிறது என்று தராசோடு மல்லுக்கட்டினார். கல்லுக்குள் பிணைந்திருந்த ஒரு காற்று வெளியேறுகிறது என்று 1756இல் எழுதினார். நாம் இன்று அஞ்சும் அதே வாயு. லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் அஸ்ப்டின் 'போட்லண்ட் சீமெந்து'க்குக் காப்புரிமை பெற்றது 1824இல். அதாவது 68 வருடங்கள் கழித்து. வாயு வரும் என்பது தெரிந்தே இருந்தது. அது எங்கே போகிறது என்றுதான் எவரும் கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. அன்றைய சூளைகள் எத்தனை! இன்று உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 7 முதல் 8 வீதம் சீமெந்துடையது.

சுண்ணாம்பைக் குறைத்துச் சுட்ட களிமண்ணைச் சேர்ப்பது ஒரு வழி. அந்தக் களிமண்ணைச் சுடும்போது அதிலிருந்து பெரும்பாலும் நீராவிதான் போகிறது. ஆனால் சுண்ணாம்பை முற்றாக விட முடியாது.

மிச்சத்துக்கு நோர்வேயின் பிரேவிக் ஆலை வேறொரு வழியைப் பிடித்திருக்கிறது. 2025 யூனில் அங்கே வாயுவைப் பிடிக்கும் அமைப்பு திறக்கப்பட்டது. அமீன் கரைசலில் பிடித்து, திரவமாக்கி, கப்பலில் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், கடற்படுகைக்குக் கீழே ஏறத்தாழ 2,600 மீற்றர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். வருடத்துக்கு 4 இலட்சம் தொன் பிடிப்பதே இலக்கு. அது அந்த ஆலை விடுவதில் பாதி. மறுபாதி இன்னும் புகைபோக்கியால்தான் போகிறது.