ஜவ்வாது மலையும் அடுக்குல வர்ற மைனஸும்

ஸ்கூல் கணக்குல நிறைய பேரைக் கவிழ்த்த ஒரு விஷயம், அடுக்குல வர்ற மைனஸ். 2-இன் அடுக்கு −3-ன்னா விடை −8 இல்லை. எட்டில் ஒரு பங்கு. அந்த மைனஸ் கழிக்கச் சொல்லலை, வகுக்கச் சொல்லுது. ஜவ்வாது மலையில, காவலூர் வானாய்வகத்துல, இந்தக் குறிக்கு ராத்திரிதோறும் வேலை இருக்கு.

கதை பழைய கிரேக்க வானியல்ல தொடங்குது. இரண்டாம் நூற்றாண்டுல தாலமி தன்னோட பட்டியல்ல நட்சத்திரங்களை ஆறு வகுப்பாப் பிரிச்சார். ரொம்பப் பிரகாசமானது முதல் வகுப்பு. கண்ணுக்கு மங்கலா எட்டுறது ஆறாவது. நம்ம ரேங்க் மாதிரிதான். எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்.

1856-ல் இங்கிலாந்துல நார்மன் போக்சன் இதைக் கணக்கா மாத்தினார். முதல் வகுப்பு, ஆறாவதை விட 100 மடங்கு பிரகாசம். நடுவுல அஞ்சு படி. அப்போ ஒரு படிக்கு எவ்வளவு? அஞ்சு தடவை பெருக்கினா 100 வர்ற எண், சுமார் 2.512. இந்த எண்ணைக் கொடுத்த போக்சன், 1861-ல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்தார். 1891-ல் இறக்கும்வரை நுங்கம்பாக்கம்தான் அவரோட பணியிடம்.

இப்போ அல்ஜீப்ரா. பூஜ்ஜியம் வகுப்பு நட்சத்திரத்தோட வெளிச்சத்தை 1-ன்னு வெச்சா, முதல் வகுப்பு 2.512-இன் அடுக்கு −1. ஆறாவது, அடுக்கு −6. முதலாவதை ஆறாவதால வகுங்க. அடிமானம் ஒண்ணுதான், அதனால அடுக்குகளைக் கழிச்சாப் போதும்: −1 − (−6) = 5. திரும்ப 100 வந்துடுச்சு. சிரியஸ் நட்சத்திரத்தோட எண்ணே −1.46. மைனஸோட மைனஸ் சேர்ந்து அடுக்கு பிளஸ் ஆயிடும். அதான் அது அவ்வளவு ஜொலிக்குது.

மதராஸ் ஆய்வகத்தோட வானியல் வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போச்சு. பிறகு வைணு பாப்பு இருட்டான வானம் தேடி காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி. அளவுகோல் மட்டும் அதே போக்சனோடதுதான்.

அந்த இருட்டோட விலை என்ன? நகரத்து மொட்டை மாடியில மூணாவது வகுப்பு வரைக்கும்தான் தெரியுதுன்னு வெச்சுக்கோங்க. ஆறுல மூணு போச்சு, பாதிதானேன்னு தோணும். ஆனா போனது அடுக்குல இருந்து. 2.512-இன் அடுக்கு 3, கிட்டத்தட்ட 16. மலையில தெரியிற மங்கலான நட்சத்திரத்தை விட 16 மடங்கு பிரகாசமா இருந்தாத்தான், ஒரு நட்சத்திரம் நம்ம மாடியில தெரியும்.